சார்லி சிஃபோர்டு

சார்லி சிஃபோர்டு (ஜூன் 2, 1922 – பிப்ரவரி 3, 2015) அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்முறைக் குழிப்பந்தாட்ட வீரர். இவரது முழுப்பெயர் சார்லஸ் லூதர் சிஃபோர்டு. அமெரிக்கத் தொழில்முறைக் குழிப்பந்தாட்டச் சங்கமான பி.ஜி.ஏ., வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961 வரை தன் சட்டத்தில் வைத்திருந்தது. அந்த விதி நீங்குவதற்குக் காரணமான போராட்டத்தின் மையத்தில் நின்றவர் சிஃபோர்டு. பி.ஜி.ஏ. சுற்றுப்போட்டிகளில் முறையான அனுமதி பெற்று ஆண்டு முழுவதும் விளையாடிய முதல் கறுப்பின அமெரிக்கர் இவரே. 1967 இல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969 இல் லாஸ் ஏஞ்சலிசிலும் நடந்த போட்டிகளில் வெற்றி பெற்றார். 2004 இல் உலகக் குழிப்பந்தாட்டப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் என்ற பெருமையும் இவருக்கு உண்டு.

இளமைக்காலம்

சிஃபோர்டு வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் உழைப்பாளிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அக்காலத்தில் இனப் பிரிவினை சட்டமாகவே இருந்தது. பள்ளி, உணவகம், தொடர்வண்டி, பூங்கா, குடிநீர்க் குழாய் என எல்லாவற்றிலும் கறுப்பினத்தவருக்குத் தனி ஏற்பாடு. குழிப்பந்தாட்ட மன்றங்களும் வெள்ளையருக்கு உரியவையாகவே இருந்தன.

ஆனால் அந்த மன்றங்களுக்குள் கறுப்பினச் சிறுவர் நுழைய ஒரு வழி இருந்தது. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடக்கும் 'கேடி' வேலைதான் அது. மைதானம் முழுவதும் உடன் நடப்பது, பந்து விழுந்த இடத்தைக் கண்டறிவது, எந்த மட்டை பொருந்தும் என எடுத்துக் கொடுப்பது ஆகியவை கேடியின் பணிகள். சிஃபோர்டு சிறுவயதிலேயே கரோலினா கன்ட்ரி கிளப்பில் இந்த வேலைக்குச் சேர்ந்தார். நாள் ஒன்றுக்கு 60 சென்ட் கிடைத்தது. அதில் 50 சென்டைத் தாயிடம் கொடுத்துவிட்டு, மீதி 10 சென்டில் சுருட்டு வாங்கிக்கொண்டதாகப் பின்னாளில் கூறியுள்ளார். வாயில் சுருட்டோடு ஆடும் பழக்கம் அப்போது தொடங்கியது. பிற்காலத்தில் அதுவே அவரது அடையாளமாயிற்று.

திங்கட்கிழமைகளில் மன்ற உறுப்பினர்கள் வருவதில்லை. அன்று மட்டும் கேடிகள் மைதானத்தில் விளையாட அனுமதிக்கப்பட்டனர். பிறர் ஆடுவதை வாரம் முழுவதும் உற்றுப் பார்ப்பதும், கிடைத்த ஒரு நாளில் அதை ஆடிப் பார்ப்பதும்தான் சிஃபோர்டு பெற்ற பயிற்சி. 13 வயதிலேயே மைதானத்தின் இயல்பளவுக்குள் ஆட்டத்தை முடிக்கும் திறமை அவருக்கு வந்துவிட்டது.

(குழிப்பந்தாட்டத்தில் ஒரு சுற்று என்பது 18 குழிகளைக் கொண்டது. குறைந்த எண்ணிக்கையிலான அடிகளில் பந்தைக் குழிகளில் இட்டு முடிப்பவரே வெற்றியாளர். ஒவ்வொரு குழிக்கும் திறமையான ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய அடிகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கும். அதற்கு 'பார்' அதாவது இயல்பளவு என்று பெயர். ஒரு சுற்றின் இயல்பளவு பெரும்பாலும் 70 முதல் 72 அடிகள் வரை இருக்கும். பெரிய போட்டிகள் நான்கு நாள்களில் நான்கு சுற்றுகளாக நடைபெறும்.)

பிலடெல்பியாவும் போர்க்காலமும்

சிஃபோர்டு 17 வயதில் சார்லட்டை விட்டு வடக்கே உள்ள பிலடெல்பியாவுக்குச் சென்றார். அங்கு ஒரு பிஸ்கட் நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தராக வேலை செய்தார். அந்நகரின் காப்ஸ் கிரீக் மைதானம் பொது மைதானம். அங்கே இன வேறுபாடின்றி எவரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். கறுப்பினத்தவர் கேடியாக அல்லாமல் ஆட்டக்காரர்களாகவே மைதானத்தில் நடப்பதை அங்குதான் அவர் கண்டார். அவர்களுள் முதன்மையானவர் ஹோவர்டு வீலர். கறுப்பினத்தவருக்கான தேசியப் போட்டியைப் பலமுறை வென்ற அவருடன் ஆடியதில் சிஃபோர்டின் ஆட்டம் மெருகேறியது.

இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்க்கப்பட்டு ஜப்பானின் ஒக்கினாவா தீவில் பணியாற்றினார். அமெரிக்கப் படையிலும் அப்போது இனப் பிரிவினை இருந்தது. அவர் பணியாற்றியது கறுப்பினப் படைப்பிரிவில். போர் முடிந்து திரும்பிய பின் குழிப்பந்தாட்டத்தையே தொழிலாகக் கொள்வது என்று முடிவு செய்தார்.

அக்காலத்தில்தான் ஜாக்கி ராபின்சனைச் சந்தித்தார். ராபின்சன் 1947 இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்து, அமெரிக்கப் பேஸ்பால் முதன்மைப் போட்டிகளில் நிலவிய நிறத்தடையை உடைத்தவர். தாம் தொழில்முறைக் குழிப்பந்தாட்டத்தில் நுழையப் போவதாகச் சிஃபோர்டு சொன்னபோது, பாதியில் விட்டு ஓடக்கூடியவரா என்று ராபின்சன் கேட்டார். இல்லை என்றார் சிஃபோர்டு. அப்படியானால் எத்தனை இன்னல் வந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ராபின்சன் அறிவுறுத்தினார். இந்த உரையாடலைச் சிஃபோர்டு வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்துவந்தார்.

வெள்ளையர் மட்டும்: விதி செயல்பட்ட முறை

அமெரிக்கக் குழிப்பந்தாட்டத்தில் தொடக்கத்திலேயே கறுப்பினத்தவர் ஆடியுள்ளனர். 1896 இல் நடந்த இரண்டாவது யு.எஸ். ஓப்பன் போட்டியில் ஜான் ஷிப்பன் என்ற கறுப்பின இளைஞர் ஆடினார். அவரைச் சேர்த்தால் தாங்கள் ஆடமாட்டோம் என்று வேறு சில ஆட்டக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்கள் ஆடாவிட்டாலும் போட்டி நடக்கும் என்று சங்கத் தலைவர் தியடோர் ஹேவ்மயர் உறுதியாக நின்றதால் ஷிப்பன் ஆடி, முன்னணி இடங்களுள் ஒன்றைப் பெற்றார்.

பி.ஜி.ஏ. வேறு சங்கம். யு.எஸ். ஓப்பனை நடத்துவது யு.எஸ்.ஜி.ஏ.; ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களின் அன்றாடப் பிழைப்பு 1916 இல் தொடங்கப்பட்ட பி.ஜி.ஏ.வின் கையில் இருந்தது. ஆண்டு முழுவதும் வாரம் ஓர் ஊராக நடக்கும் சுற்றுப்போட்டிகளை அதுவே நிர்வகித்தது. 1934 முதல் அதன் சட்டத்தில், காகேசிய இனத்தைச் சேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே உறுப்பினராகத் தகுதியுடையோர் என்ற விதி இருந்தது. காகேசியர் என்றது இங்கே வெள்ளையரையே.

இந்த ஒரு விதியின் விளைவுகள் பல. உறுப்பினர் அல்லாதவர் சுற்றுப்போட்டிகளில் ஆட உரிமை இல்லை. போட்டிப் பணத்தைவிட உறுதியான வருமானம் தந்தது மன்றங்களில் பயிற்றுநராக இருக்கும் வேலை. அந்த வேலைக்கும் பி.ஜி.ஏ. உறுப்பினராக இருப்பது தேவை. உறுப்பினராக வேண்டுமானால் ஏதேனும் ஒரு மன்றத்தில் உதவியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். கறுப்பினத்தவரை மன்றங்கள் கேடியாகவும் சமையலறைப் பணியாளராகவும் மட்டுமே சேர்த்துக்கொண்டன. ஆகவே விதியை எடுத்துவிட்டாலும் கதவு உடனே திறந்துவிடாது. ஒவ்வொரு படியும் முந்தைய படியைச் சார்ந்திருந்தது. நல்ல புல்தரையும் பயிற்சித் திடலும் கொண்ட மைதானங்கள் தனியார் மன்றங்களிடமே இருந்ததால் பயிற்சி பெறவும் வழியில்லை.

கறுப்பினத்தவரின் தனிப் போட்டிகள்

இந்தத் தடையால் கறுப்பினத்தவர் 1925 இல் தங்களுக்கென ஐக்கிய குழிப்பந்தாட்டச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். பொது மைதானங்களிலும், கறுப்பினத்தவர் நடத்திய சில மைதானங்களிலும் அதன் போட்டிகள் நடந்தன. ஆண்டுதோறும் நடந்த தேசிய நீக்ரோ ஓப்பன் அவற்றுள் முதன்மையானது. பரிசுத் தொகை மிகச் சிறியது. வென்றவருக்கும் பயணச் செலவு போக அதிகம் மிஞ்சாது.

சிஃபோர்டு இப்போட்டியை 1952 முதல் 1956 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 1960 இல் மீண்டும் ஒரு முறையும் வென்றார். ஆனால் பிழைப்புக்கு இது போதவில்லை. புகழ்பெற்ற ஜாஸ் பாடகர் பில்லி எக்ஸ்டைன் அவரைத் தமக்குக் குழிப்பந்தாட்டம் கற்றுத்தருபவராகவும், கார் ஓட்டுநராகவும், உதவியாளராகவும் வைத்துக்கொண்டார். இந்த ஊதியத்தைக் கொண்டுதான் சிஃபோர்டு குடும்பத்தைக் காத்து, போட்டிகளுக்கும் சென்றுவந்தார். நாட்டிலேயே தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர் தமது முப்பதாவது வயதை ஒட்டிய ஆண்டுகளைக் கழித்தது இவ்வாறுதான்.

ரிச்மண்ட் வழக்கும் 'அழைப்புப் போட்டி' உத்தியும்

விதியை முதலில் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர்கள் பில் ஸ்பில்லர், டெட் ரோட்ஸ், மேடிசன் கன்டர் ஆகிய மூவர். 1948 ஜனவரியில் நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பன், கறுப்பினத்தவரையும் அனுமதித்த மிகச் சில போட்டிகளுள் ஒன்று. அதில் முதல் 60 இடங்களுக்குள் வருவோர் அடுத்த போட்டியில் நேரடியாக ஆடலாம் என்பது நடைமுறை. ஸ்பில்லரும் ரோட்சும் அவ்வாறு தகுதி பெற்றனர். ஆனால் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் நடந்த அடுத்த போட்டியில், பி.ஜி.ஏ. விதியைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பினர். மூவரும் வழக்குத் தொடுத்தனர்.

இனிப் பாகுபாடு காட்டமாட்டோம் என்று பி.ஜி.ஏ. தரப்பு உறுதி கூறியதால் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் நடந்தது வேறு. 'ஓப்பன்' என்றால் எல்லோருக்கும் திறந்த போட்டி என்று பொருள். பல போட்டிகள் 'அழைப்புப் போட்டி' என்று பெயர் மாற்றிக்கொண்டன. அழைக்கப்படுபவர் மட்டுமே ஆடலாம். கறுப்பினத்தவருக்கு அழைப்பு வராது. விதியில் ஒரு சொல்லும் மாறவில்லை. பாகுபாடு காட்டமாட்டோம் என்ற உறுதிமொழி இவ்வாறு பொருளற்றதாகியது.

பீனிக்ஸ், 1952

1952 இன் தொடக்கத்தில் குத்துச்சண்டை உலகின் முன்னாள் மிகுஎடைச் சாம்பியன் ஜோ லூயிஸ் இச்சிக்கலை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். லூயிஸ் குழிப்பந்தாட்டத்தில் பெரும் விருப்பம் கொண்டவர். சான் டியேகோ போட்டிக்கு அவருக்கு அழைப்பு வந்தது, பின்னர் பி.ஜி.ஏ. தடுத்தது. லூயிஸ் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். நாடே போற்றிய வீரரை நிறத்தைக் காட்டித் தடுப்பது பி.ஜி.ஏ.வுக்குப் பெரும் அவப்பெயரைத் தந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர் என்ற காரணத்தைக் காட்டி லூயிசை ஆடவிட்டனர். தொழில்முறை ஆட்டக்காரரான ஸ்பில்லருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதன்பின், போட்டியை நடத்துவோரும் மைதானத்தாரும் ஒப்புக்கொண்டால் கறுப்பினத்தவர் ஆடலாம் என்று பி.ஜி.ஏ. தளர்வு அளித்தது.

இத்தளர்வின்படி முதலில் பீனிக்ஸ் ஓப்பன் போட்டியின் தகுதிச் சுற்றுக்குச் சென்றவர்களுள் சிஃபோர்டும் லூயிசும் ரோட்சும் இருந்தனர். அன்று காலை முதலில் ஆடும் குழுவாக அவர்களை அனுப்பினர். முதல் குழியை அடைந்து, கொடிக்கம்பை எடுத்தபோது, குழி மனித மலத்தால் நிரப்பப்பட்டிருந்தது. குழியை மாற்றி அமைக்கும்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் அங்கேயே காத்து நின்று, பின்பு ஆட்டத்தைத் தொடர்ந்தனர்.

லாங் பீச் வெற்றி

கிடைத்த சில வாய்ப்புகளிலும் சிஃபோர்டு தம் திறமையைக் காட்டினார். 1955 கனடிய ஓப்பனின் முதல் நாளில் 63 அடிகளில் சுற்றை முடித்து முன்னிலை பெற்றார். இறுதியில் அப்போட்டியை வென்றவர் இளைஞரான ஆர்னால்டு பாமர். அது பாமரின் முதல் தொழில்முறை வெற்றி. 1957 நவம்பரில் கலிபோர்னியாவின் லாங் பீச் ஓப்பனில் எரிக் மான்டியுடன் சமநிலை பெற்று, கூடுதல் குழி ஆட்டத்தில் சிஃபோர்டு வென்றார்.

பி.ஜி.ஏ. இணைந்து நடத்திய போட்டியில் வென்ற முதல் கறுப்பினத்தவர் என்று இவரைக் குறிப்பிடுவது இந்த வெற்றியைக் கொண்டே. ஆனால் அது 54 குழிகள் மட்டுமே கொண்ட போட்டி என்பதால் சுற்றுப்போட்டியின் அதிகாரப்பூர்வ வெற்றியாகக் கணக்கிடப்படுவதில்லை. அதிகாரப்பூர்வப் பட்டியலில் முதலாவதாக இருப்பவர் வாகோ டர்னர் ஓப்பனை 1964 இல் வென்ற பீட் பிரவுன். இருவரையும் 'முதல்வர்' என்று வெவ்வேறு இடங்களில் படிக்க நேர்வதற்குக் காரணம் இதுதான்.

விதி நீக்கப்பட்டது

பில் ஸ்பில்லர் பட்டதாரி. ஆசிரியர் பயிற்சி பெற்றவர். ஆயினும் ஐம்பதுகளின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிசில் ஹில்கிரெஸ்ட் மன்றத்தில் கேடியாக வேலை செய்துவந்தார். இத்தனை திறமை இருந்தும் ஏன் போட்டிகளில் ஆடவில்லை என்று மன்ற உறுப்பினர் ஒருவர் கேட்க, ஸ்பில்லர் விதியைப் பற்றி விளக்கினார். இச்செய்தி கலிபோர்னியா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஸ்டான்லி மாஸ்கிடம் சென்றது. சிஃபோர்டின் நிலையும் அவர் கவனத்துக்கு வந்தது.

மாஸ்க் பி.ஜி.ஏ.விடம் விளக்கம் கேட்டார். இனத்தைத் தவிர வேறு காரணம் எதையும் சங்கத்தால் காட்ட முடியவில்லை. அப்படியானால் கலிபோர்னியாவின் பொது மைதானங்களில் போட்டி நடத்த முடியாது என்றார் மாஸ்க். தனியார் மைதானங்களில் நடத்துவோம் என்ற பதிலுக்கு, அங்கும் தடுப்பேன் என்றார். மற்ற மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களுக்கும் எழுதினார். சங்கத்தைப் பணியவைத்தது இந்த அழுத்தமே. ஆண்டின் தொடக்கத்தில் வரும் குளிர்காலப் போட்டிகள் பெரும்பாலும் கலிபோர்னியாவிலேயே நடந்தன. அம்மாநிலத்தை இழந்தால் சுற்றுப்போட்டி அட்டவணையே சிதைந்துவிடும்.

1960 இல் சிஃபோர்டுக்கு 'அங்கீகரிக்கப்பட்ட போட்டி ஆட்டக்காரர்' என்ற அட்டையை பி.ஜி.ஏ. வழங்கியது. உறுப்பினர் உரிமை தராமலே ஆட மட்டும் விடும் ஏற்பாடு அது. விதியை நீக்கும் முன்மொழிவு அவ்வாண்டு மாநாட்டில் தோற்றது. 1962 பி.ஜி.ஏ. சாம்பியன் போட்டி லாஸ் ஏஞ்சலிசின் பிரென்ட்வுட் மன்றத்தில் நடப்பதாக இருந்தது. மாஸ்க் விடாப்பிடியாக இருந்ததால் சங்கம் அதைப் பென்சில்வேனியாவின் அரோனிமிங்க் மன்றத்துக்கு மாற்றியது. இறுதியில் 1961 நவம்பரில் நடந்த மாநாட்டில் விதி நீக்கப்பட்டது. பேஸ்பாலில் ராபின்சன் நுழைந்து 14 ஆண்டுகள் கடந்திருந்தன. சிஃபோர்டுக்கு வயது 39.

கிரீன்ஸ்பரோ, 1961

விதி நீங்குவதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 1961 ஏப்ரலில், சிஃபோர்டு தம் சொந்த மாநிலமான வட கரோலினாவில் கிரேட்டர் கிரீன்ஸ்பரோ ஓப்பனில் ஆடினார். தென் மாநிலத்தில் நடந்த பி.ஜி.ஏ. சுற்றுப்போட்டியில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடியது அதுவே முதல் முறை. ஓராண்டுக்கு முன்புதான், 1960 பிப்ரவரியில், அதே ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேடையில் அமர்ந்து அறப்போராட்டத்தைத் தொடங்கியிருந்தனர். ஊரின் விடுதிகளில் சிஃபோர்டுக்கு இடம் கிடையாது. கறுப்பினக் கல்லூரி விடுதியிலும், பின்னர் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டிலும் தங்கினார்.

முதல் நாளில் 68 அடிகளில் சுற்றை முடித்து முன்னிலை பெற்றார். அன்றிரவு தொலைபேசியில் கொலை மிரட்டல் வந்தது. மறுநாள் மைதானத்துக்கு வரக்கூடாது என்றது அக்குரல். தமக்குக் குறித்த நேரத்திலேயே ஆடப் போவதாகச் சிஃபோர்டு பதில் கூறினார். சொன்னபடியே மறுநாள் வந்து நின்றார். வெள்ளையர் கும்பல் ஒன்று குழிக்குக் குழி அவரைப் பின்தொடர்ந்து இழிசொற்களைக் கத்தியது. பந்தை அடிக்கும் நேரத்தில் கூச்சலிட்டது. பதினான்கு குழிகள் வரை இது நீடித்தது. அதன்பிறகே காவலர்கள் அவர்களை வெளியேற்றினர்.

குழிப்பந்தாட்டத்தில் பார்வையாளர் மூச்சுக்கூட அடக்கி நிற்பது மரபு. ஒரு கணக் கவனச் சிதறலும் பந்தைத் திசைமாற்றிவிடும். அந்த நிலையிலும் அன்றைய சுற்றை 72 அடிகளில் முடித்தார் சிஃபோர்டு. போட்டி முடிவில் நான்காம் இடம் பெற்றார். ராபின்சனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய நாள் என்று அந்த நாளைச் சொல்லலாம்.

இரு பெரும் வெற்றிகள்

1967 ஆகஸ்டில் கனெடிகட் மாநிலத்தில் நடந்த கிரேட்டர் ஹார்ட்ஃபோர்டு ஓப்பனில் இறுதிச் சுற்றை 64 அடிகளில் முடித்து, ஓர் அடி வேறுபாட்டில் சிஃபோர்டு வென்றார். அப்போது அவருக்கு வயது 45. பரிசுத் தொகை 20,000 டாலர்.

1969 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பன் ராஞ்சோ பார்க் பொது மைதானத்தில் நடந்தது. முதல் சுற்றிலேயே 63 அடிகளில் முடித்து முன்னிலை பெற்றார். நான்கு சுற்றுகளின் முடிவில் ஹரால்டு ஹென்னிங்குடன் சமநிலை. கூடுதல் ஆட்டத்தின் முதல் குழியிலேயே இயல்பளவைவிட ஓர் அடி குறைவாக எடுத்துச் சிஃபோர்டு வென்றார். ஹென்னிங், நிறவெறிக் கொள்கை ஆட்சி செய்த தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர். இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் ஸ்பில்லரும் ரோட்சும் தகுதி பெற்றும் பயனில்லாமல் போனதும் இதே லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனில்தான்.

அகஸ்டாவின் மூடிய கதவு

ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா தேசிய மன்றத்தில் நடைபெறும் மாஸ்டர்ஸ் போட்டி உலகின் நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்று. சிஃபோர்டு அதில் ஒருமுறைகூட ஆடவில்லை. அது அழைப்பின் பேரில் நடக்கும் போட்டி. அழைப்புக்கான தகுதிகளை மன்றமே வகுத்தது. 1967 இலும் 1969 இலும் சுற்றுப்போட்டி ஒன்றில் வென்றால் மட்டும் அழைப்பு உறுதி என்ற நிலை இல்லை. முன்னாள் வெற்றியாளர்கள் வாக்களித்து ஒருவரை அழைக்கும் வழி இருந்தது. அவர்களும் சிஃபோர்டைத் தேர்ந்தெடுக்கவில்லை.

சுற்றுப்போட்டி வெற்றியாளர்களுக்குத் தானாகவே அழைப்பு உண்டு என்ற விதி 1972 இல் வந்தது. அதன்படி 1974 இல் பென்சகோலாவில் வென்ற லீ எல்டர், 1975 இல் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். சிஃபோர்டின் இரண்டு வெற்றிகளும் புதிய விதிக்கு முந்தியவை. 1982 வரை அங்கு ஆடும் வீரர்கள் அனைவரும் மன்றத்தின் கேடிகளையே பயன்படுத்த வேண்டும். அந்தக் கேடிகள் கறுப்பினத்தவர். மன்றம் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990 இல். அகஸ்டாவைப் பற்றிய கசப்பைச் சிஃபோர்டு கடைசிவரை மறைக்கவில்லை.

பிற்காலம்

1975 இல் மூத்தோருக்கான பி.ஜி.ஏ. சாம்பியன் பட்டத்தை வென்றார். அதே காலத்தில் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்துக்கு அருகே உள்ள ஸ்லீப்பி ஹாலோ மைதானத்தில் தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். ஒரு காலத்தில் அவருக்கு மறுக்கப்பட்ட வேலை அது. 50 வயதைக் கடந்தோருக்கான சுற்றுப்போட்டி 1980 இல் தொடங்கியபோது அதன் முதல் ஆட்டக்காரர்களுள் ஒருவராக இருந்து, அவ்வாண்டு சன்ட்ரீ கிளாசிக் போட்டியை வென்றார். 1992 இல் வெளிவந்த அவரது தன்வரலாற்று நூலின் தலைப்புக்கு 'என்னை ஆட விடுங்கள், அது போதும்' என்று பொருள் கொள்ளலாம்.

1997 இல் டைகர் உட்ஸ் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற முதல் கறுப்பின வீரரானபோது, தமக்கு வழி அமைத்தவர்கள் என்று சிஃபோர்டு, எல்டர், ரோட்ஸ் ஆகியோரை நன்றியுடன் குறிப்பிட்டார். சிஃபோர்டைத் தாம் பெறாத தாத்தாவாகக் கருதிய உட்ஸ், 2009 இல் பிறந்த தம் மகனுக்குச் சார்லி என்று பெயரிட்டார்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் 2006 இல் சிஃபோர்டுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 2009 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியில், சிறுபான்மைப் பின்னணியிலிருந்து வரும் ஆட்டக்காரர் ஒருவருக்கு அவர் பெயரால் ஆண்டுதோறும் இடம் ஒதுக்கப்படுகிறது. அவர் பிறந்த சார்லட் நகரின் பொது மைதானம் ஒன்றுக்கு 2011 இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2014 நவம்பரில் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, அமெரிக்காவின் உயரிய குடிமை விருதான விடுதலைப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். ஜாக் நிக்லாஸ், ஆர்னால்டு பாமர் ஆகியோருக்குப் பின் இவ்விருதைப் பெற்ற மூன்றாவது குழிப்பந்தாட்ட வீரர் சிஃபோர்டு. அடுத்த சில வாரங்களில், 2015 பிப்ரவரி 3 அன்று, தமது 92 வது வயதில் காலமானார்.

மதிப்பீடு

அதிகாரப்பூர்வ வெற்றிகள் இரண்டு, பெரும் போட்டிப் பட்டம் ஒன்றும் இல்லை. எண்களை மட்டும் பார்ப்பவருக்குச் சிஃபோர்டு நடுத்தர வீரராகத் தோன்றலாம். ஆனால் அந்த எண்கள் தொடங்குவது அவரது நாற்பதாவது வயதை ஒட்டி. ஒரு குழிப்பந்தாட்ட வீரரின் உடலும் கண்ணும் கையும் உச்ச நிலையில் இருக்கும் ஆண்டுகள் இருபத்தைந்து முதல் நாற்பது வரை. அந்த ஆண்டுகளில் அவர் எக்ஸ்டைனின் காரை ஓட்டிக்கொண்டும், அனுமதிக்கும் போட்டிகளைத் தேடிக்கொண்டும் இருந்தார். 45 வயதிலும் 46 வயதிலும் வென்றவர், வாசல் திறந்திருந்தால் 30 வயதில் எத்தனை வென்றிருப்பார் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் விடை இல்லை.

ஸ்பில்லரும் ரோட்சும் விதி நீங்கியபோது ஆடும் வயதைக் கடந்துவிட்டனர். போராடியவர்களுள், போராட்டத்தின் பயனையும் ஓரளவு தம் கையால் தொட்டவர் சிஃபோர்டு. நீதி வந்தது, ஆனால் காலம் தாழ்ந்து வந்தது. இரண்டையும் சேர்த்தே அவரது வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

முக்கிய நிகழ்வுகள்

- 1922 – சார்லட் நகரில் பிறப்பு
- 1952–1956, 1960 – தேசிய நீக்ரோ ஓப்பன் வெற்றிகள்
- 1957 – லாங் பீச் ஓப்பன் வெற்றி
- 1960 – அங்கீகரிக்கப்பட்ட போட்டி ஆட்டக்காரர் அட்டை
- 1961 – கிரீன்ஸ்பரோ போட்டி. வெள்ளையர் மட்டும் என்ற விதி நீக்கம்
- 1967 – கிரேட்டர் ஹார்ட்ஃபோர்டு ஓப்பன் வெற்றி
- 1969 – லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பன் வெற்றி
- 1975 – மூத்தோர் பி.ஜி.ஏ. சாம்பியன்
- 1980 – சன்ட்ரீ கிளாசிக் வெற்றி
- 2004 – உலகக் குழிப்பந்தாட்டப் புகழ் மன்றம்
- 2014 – விடுதலைப் பதக்கம்
- 2015 – மறைவு